மலைச்சரிவில் என் மனைவி

புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு என் மனைவி வீட்டுக்குள்கூடத் தலைத்துணியைக் கழற்றியதில்லை. என் முன்னாலும் இல்லை.

போன கோடையில், சுவிஸில் நாங்கள் இருக்கும் லோசானிலிருந்து ஒரு பனிச்சறுக்கு மலைக்குப் போனோம். குளிர்காலத்தில் ஆட்கள் சறுக்கி இறங்கும் சரிவெல்லாம் பச்சைப் புல்லாக இருந்தது, மாடுகள் மேய்ந்தன. கேபிள் காரில் உச்சிக்குப் போனதும், இருக்கையில்லாத, பெரிய சக்கரம் இரண்டு வைத்த திரொத்தினெட் வண்டியில் நின்றபடி பலர் பாதைவழியே பறந்து இறங்குவதைப் பார்த்தாள்.

"எனக்கும் ஒண்டு எடுங்கோ," என்றாள்.

வாடகைக்குக் கொடுத்த பெண் ஹெல்மெட்டை நீட்டி, துணிக்கு மேல் அது சரியாக நிற்காது என்று தயங்கிச் சொன்னாள். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

நான் அவசரமாக, "வேண்டாமப்பா, கேபிள் காரிலயே இறங்குவம்," என்றேன்.

"ஏன்? நான் இதிலதான் போறன்."

அத்தனை பேருக்கும் முன்னால் துணியை அவிழ்த்து என் கையில் தந்தாள். குட்டையாக, நரையோடு முளைத்திருந்தது முடி. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் கண் எடுக்காமல் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தாள்.

நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். முதல் வளைவிலேயே என்னை முந்திவிட்டாள். பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி நான் கீழே வந்தபோது, புல்லில் மல்லாந்து கிடந்தாள். விழுந்துவிட்டாள் என்று பதறி ஓடினேன். அவள் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, பயந்திட்டியளோ?"

"ஓம்," என்றேன்.

அவளுக்காகத்தான் பயப்படுகிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பயம் என்னுடையது மட்டும் என்பது அன்றுதான் விளங்கியது.