டவர் வந்துரட்டும் ஆத்தா

எங்கள் வீட்டில் மேற்குச் சன்னலில் மட்டும்தான் போன் எடுக்கும். அதையும் கையில் வைத்துப் பேச முடியாது. சன்னல் கம்பியில் செருகி, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, பக்கத்துச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்க வேண்டும். குரல் விட்டு விட்டு வரும். படம் வராது. முகம் பார்த்துப் பேச வேண்டுமென்றால் தைலமரக் காட்டு ஓரமாக அரை மைல் போய், கண்மாய்க் கரையில் ஏறி மடைக்கு மேலே நிற்க வேண்டும். திருமயத்திலிருந்து வருகிற பஸ் திரும்பிப் போகிற இடத்தையும் தாண்டி இருக்கிற ஊர் எங்களுடையது. சிக்னலும் அங்கேயே திரும்பிப் போய்விடுகிறது என்று சொல்லிச் சிரிப்போம்.

தம்பி சவுதியில் லாரி ஓட்டுகிறான். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் கரையைப் பார்த்தால் ஏதோ திருவிழா மாதிரி இருக்கும். ஆளுக்கொரு பக்கம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், கைப்பிள்ளையைத் தூக்கிக் காட்டுவார்கள். நானும் போய் தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வருவேன். அம்மா பார்த்ததில்லை. அவன் போய் ஒன்றரை வருஷமாக அவனை அம்மா காதால்தான் பார்த்தாள்.

காரணம் நான்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொத்து வேலைக்குப் போனவன் நான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் சாரத்தில் பலகையை மூன்று தடவை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. கரை ஏறுகிற இடம் சரளைக்கல். வண்டியில் பின்னால் உட்கார வைத்தால் பிடித்துக்கொள்வாளா, ஏறும்போது சறுக்கினால் இடுப்பு என்னாகும், சறுக்கியது கண்மாய்ப் பக்கமாக இருந்தால் என்னாகும் என்று நினைத்தே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தள்ளிப்போட்டேன்.

"ஒருக்கா கூட்டிட்டுப் போடா. அவன் மூஞ்சிய பாத்துட்டு வந்துர்றேன்" என்பாள்.

"டவர் வந்துரட்டும் ஆத்தா. வீட்ல ஒக்காந்துக்கிட்டே பாக்கலாம். தெனமும் பாக்கலாம்."

"டவருக்கு என்னடா, அது எளவட்டம். மெதுவா வரும். எனக்குல்ல வயசாகுது."

டவர் வரும் என்று நான் சும்மா சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த புறம்போக்கில் அதற்கு அடித்தளம் போட்டபோது மூன்று நாள் நான்தான் கொத்து வேலை பார்த்தேன். இனிமேல் ஊர் முழுக்க போர்ஜி என்று அளக்க வந்தவர்கள் சொன்னார்கள். அன்றைக்குச் சாயங்காலம் சிமெண்டுக் கையோடு வந்து அம்மாவிடம் சொன்னேன்: "காங்கிரீட்டு இருவத்தோரு நாளு தண்ணி குடிக்கணும். அப்புறம் கம்பிய நட்டுற வேண்டியதுதான். முடிஞ்சுச்சு வேல."

எனக்குத் தெரிந்தது வீட்டுக் கணக்குதான். தளம் இறுகினால் முட்டுக் கம்புகளைப் பிரிக்கலாம், பிரித்துவிட்டால் பால் காய்ச்சிக் குடி போகலாம். டவரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். சாக்கை நனைத்துப் போட்டு இருபத்தோரு நாளும் நானே போய்த் தண்ணீர் ஊற்றினேன். கம்பியை நட்டார்கள். பெயின்ட் அடித்தார்கள். உச்சியில் ஒரு சிவப்பு விளக்கும் வந்தது. அதோடு நின்றுவிட்டது. கரண்டு கனெக்சன் வரவேண்டும் என்றார்கள். அது வந்ததும் மிஷின் பெட்டி வரவேண்டும் என்றார்கள். பெட்டியும் வந்து, அதற்குப் பூட்டும் போட்டார்கள். கிராம சபையில் மனுக் கொடுத்தோம். ஜீப்பில் வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் ஓப்பன் ஆயிரும்ங்க" என்றார்கள். எத்தனையோ அடுத்த வாரம் வந்து போனது.

கரையில் தம்பி கேட்பான். "ஆத்தாவ கரைக்குக் கூட்டிட்டு வாங்கண்ணே. சேரு போட்டுத் தூக்கிட்டாச்சும் வாங்க."

"இந்த மாசம் டவர் வந்துரும்டா."

"போன மாசமும் இதான் சொன்னீங்க."

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் கேட்கவில்லை. தலையில் எண்ணெய் வைத்துச் சீவி, நெற்றி நிறைய திருநீறு பூசி, தம்பி எடுத்துக் கொடுத்த மாம்பழக் கலர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"என்ன ஆத்தா, பொண்ணு பாக்க வாராகளா?" என்றாள் என் மனைவி.

"மாப்ளைய நான்தான் பாக்கப் போறேன்" என்று சிரித்தாள் அம்மா. "இவனுக்குப் பயமா இருந்தா வீட்லயே இருக்கட்டும். நான் ஆட்டுக்குட்டி பின்னால போறாப்ல மெதுவா நடந்து போயிட்டு வாரேன்."

எனக்கே வெட்கமாகிவிட்டது. அவளைப் பின்னால் உட்கார வைத்தேன். இடுப்போடு சேர்த்து என் துண்டைச் சுற்றிக் கட்டச் சொன்னேன். வண்டியை எடுத்துத் தெருமுனை வரைக்கும் போயிருப்பேன், தூறல் போட்டது. கைக்குப் பத்துச் சொட்டு இருக்கும், அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கரைச் சரளை கண்ணுக்குள் வந்துவிட்டது. ஈரச் சரளை. வண்டியைத் திருப்பிவிட்டேன்.

அம்மா வீட்டுக்கு வந்து சேலையை உதறி மடித்துப் பெட்டியில் மேலாக வைத்தாள். தூறல் அதற்குள் நின்றிருந்தது. வெயில்கூட வந்தது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனாள். காப்பியைக் குடித்துவிட்டுச் சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். டம்ளர் மடியிலேயே இருந்தது.

தம்பிக்குச் சொல்ல நான் கரைக்கு ஓடினேன். சரளையில் ஓடித்தான் ஏறினேன். சறுக்கவில்லை. அவன் லாரியை ஓரமாக நிறுத்தினான். பிறகு முதலாளியைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டான். மாற்று டிரைவர் வராமல் விட மாட்டார்களாம், ஊருக்கு விடுகிற விசாத் தாள் போட்டு வருவதற்கு நாலு நாளாகுமாம். எங்கள் பக்கம் தாய்க்குக் கொள்ளி வைப்பது இளையவன். அது அவனுக்கும் தெரியும்.

"கொள்ளிய நீங்க வச்சிருங்கண்ணே" என்றான். "மூஞ்சிய மட்டும் ஒருதடவ காட்டிட்டு எடுங்க."

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இப்போது எல்லா ஊரிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். வாசலில் கிடத்தி, போனைப் பிடித்து, அவர்கள் பார்த்து அழுது முடித்த பிறகுதான் தூக்குவார்கள். எங்கள் வாசலில் குரலே வராது. படத்துக்கு எங்கே போக? சுடுகாட்டுப் பாதை கரைக்குக் கீழாகத்தான் போகிறது. கரையில் ஏற்றி இறக்கலாம் என்று மச்சான், என் மனைவியின் அண்ணன், சொன்னார்.

பங்காளிகளில் மூத்தவர் பெரியப்பாதான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பாடைய எறக்குறதுக்குன்னு எடம் இருக்குப்பா. கண்ட எடத்துல எறக்கப்படாது."

"அப்ப நீங்களே சவுதிக்குப் போயி சொல்லிட்டு வாங்க" என்றார் மச்சான்.

பெரியப்பா முறைத்தார். பிறகு பாடையில் கிடந்த அம்மாவைப் பார்த்தார். "கீழ வைக்காதீக. தோள்லயே வச்சுக்கிட்டு நில்லுங்க" என்றார். அவர் மகனும் குவைத்தில்தான் இருக்கிறான்.

மாம்பழக் கலர்ச் சேலையைத்தான் கட்டிவிட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் மேலாக இருந்ததை என் மனைவி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வேறெதையும் அவள் யோசிக்கவில்லை. பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். நான் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தேன்.

கரை ஏறும்போது பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்டார்: "கால் பக்கத்தத் தூக்கிப் புடிங்கப்பா! சரள! ஆத்தா சறுக்கிறப் போறா!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மடைக்கு மேலே நின்றோம். மச்சான் தம்பியைக் கூப்பிட்டார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தம்பி தெரிந்தான், நெற்றியோடு நின்றான், போய்விட்டான். மறுபடியும் கூப்பிட்டால் மறுபடியும் வட்டம். என்ன கோளாறு என்று பார்த்தால், கூட வந்த நாற்பது ஐம்பது பேரும் கரை ஏறிய பழக்கத்தில் தங்களை அறியாமல் போனைக் கையில் எடுத்திருக்கிறார்கள். பொட்டுப் பொட்டென்று எல்லாருக்கும் மெசேஜ் விழுந்துகொண்டிருந்தது. இருக்கிற கொஞ்ச சிக்னலை ஆளுக்குக் கொஞ்சம் பிய்த்துக்கொண்டோம்.

"எல்லாரும் போன அமத்துங்கப்பா! அந்தப் புள்ள பாக்கட்டும்!" என்று பெரியப்பா கத்தினார். ஒவ்வொருவராக அணைத்தார்கள். வெட்டியான் அடித்த பறையும் நின்றது. போனுக்கும் பறைக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் அவர் நிறுத்திவிட்டார்.

தம்பி வந்தான். முழுசாக வந்தான். தோளில் இருந்த பாடைக்கு மேலே மச்சான் எக்கி நின்று போனைப் பிடித்தார். நான் சட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றதால் அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"கரைக்கு வந்துட்டாளாண்ணே" என்றான்.

அவன் என்னைக் குத்திச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சட்டியின் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

கருமாதி முடிந்து ஒரு வாரத்தில் டவர் எடுத்துவிட்டது. யாரும் வரவில்லை, ரிப்பன் வெட்டவில்லை. ஒருநாள் காலையில் வீட்டுக்குள் எல்லார் போனும் சேர்ந்து சத்தம் போட்டது. அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை தம்பி வீட்டுக்கே படத்தில் வந்தான். "வீட்டக் காட்டுங்கண்ணே, மெதுவா" என்றான். அடுப்படி, கட்டில், ஆட்டுக் கொட்டகை என்று எல்லாம் காட்டினேன். கருமாதிக்கு வெள்ளையடித்தது நான்தான். ஒரு இடத்தை மட்டும் அடிக்காமல் விட்டிருந்தேன்.

"சன்னலுக்குப் பக்கத்துல அது என்னண்ணே, கறையாட்டம்?"

"ஆத்தா தல வச்ச எடம்டா. எண்ணெக் கறை. நீ பேசுறப்பல்லாம் அதுல சாஞ்சுதான் கேப்பா."

அவன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். "அத அப்படியே காட்டிக்கிட்டு இருங்கண்ணே" என்றான்.

காட்டிக்கொண்டு நின்றேன். கை வலித்தது. சார்ஜ் இறங்கிவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. படம் ஒருதடவைகூட விட்டுப் போகவில்லை.