சாமி பேருக்கு ஓர் அர்ச்சனை

அந்தக் குளிர்காலம் முழுக்க, பல நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு சீமாட்டியோடுதான் நான் குடித்தனம் நடத்தினேன். நூலகத்தில் எடுத்த தடித்த புத்தகம். ஊரில் கல்லூரியில் வரலாறு நடத்தியவள் நான். இந்த வெளிநாட்டில், லிட்கம் புறநகரில், அண்ணன் வீட்டில், வெங்காயம் நறுக்குகிறவள். என் கணவர் மாரடைப்பில் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என் விசா அவருடைய வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் போனதும் அதுவும் முடியப்போகிறது என்றார்கள்.

சீமாட்டிக்குப் பால்பல் விழும் வயதில் முதல் கல்யாணம். அந்தப் பையன் செத்தான். அவளிடம் நிலம் இருந்ததால், அவளை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்கிற உரிமை ராஜாவுக்கு. அவர் அதைத் தன் ஆள் ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்தார். அவன் போரில் செத்தான். உடனே இன்னொருவன். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாமவனும் போன பிறகுதான் அம்மாள் விழித்துக்கொண்டாள். பிஷப் முன்னால் மண்டியிட்டு, இனி நான் கடவுளுக்கே என்று சத்தியம் செய்து, அதற்கு அடையாளமாக மோதிரமும் போர்வையும் வாங்கிக்கொண்டாள். மடத்துக்கெல்லாம் போகவில்லை. தன் கோட்டையிலேயே இருந்து நிலபுலன்களைப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ராஜாவாலும் அவளை ஒன்றும் செய்ய முடியவில்லை. கெட்டிக்காரி என்று வாய்விட்டே சொன்னேன்.

"யாரு கெட்டிக்காரி?" என்று கேட்ட அண்ணி, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை ஹெலன்ஸ்பர்க் கோவிலுக்குப் போறோம். அந்தப் பச்சைப் பட்டைக் கட்டிக்கோ."

வண்டியில் ஏறிய பிறகுதான் அண்ணன் விஷயத்தைச் சொன்னான். கிரான்பர்னிலிருந்து ஒருவர் தன் அம்மாவோடு வருகிறார். விவாகரத்தானவர், சிட்டிசன். "சும்மா பாரு. அவரைக் கட்டிக்கிட்டா நீ இங்கேயே இருக்கலாம்." காட்டுக்குள் இருக்கிற கோவில், அண்ணன் காரை விட்டால் எனக்குத் திரும்பிவர வேறு வழியில்லை. அவன் கெட்டவன் இல்லை. ஊருக்குத் தனியாகப் போய் நான் என்ன செய்வேன் என்று நிஜமாகவே பயந்தான். அந்தப் பாசம்தான் என்னைக் கட்டிப்போட்டது.

சன்னதியில் எல்லோரும் தற்செயல்போலச் சந்தித்துக்கொண்டோம். அந்த மனிதர் பாவம், என்னைவிட அதிகமாகக் கூச்சப்பட்டார்.

"யார் பேருக்கு அர்ச்சனை? கோத்திரம்?" என்று அர்ச்சகர் என்னைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டு எங்கள் அப்பாவின் கோத்திரத்தைச் சொன்னான். "கல்யாணமானா புருஷன் கோத்திரம்தாங்க" என்று அண்ணி திருத்தி, இறந்துபோனவருடையதைச் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். "இனிமே எங்களோடதுதானே?" மூன்று பேரும் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். எனக்குச் சீமாட்டி ஞாபகம் வந்தாள்.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன்.

தனக்கென்று எதுவும் கேட்காதவர்கள் அப்படிச் செய்வது வழக்கம்தான். ஆனால் நான் சொன்னதற்கு அர்த்தம், நான் உங்கள் யாருக்கும் இல்லை என்பது. சத்தியமே செய்து முடித்தவள்போல் மனசு லேசாகிவிட்டது. கேண்டீனில் புளியோதரையை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும் வழியில் மாப்பிள்ளையின் அம்மா அண்ணனைப் போனில் அழைத்தார். கார் ஸ்பீக்கரில் அவர் குரல் கணீரென்று ஒலித்தது. "தனக்குன்னு கேக்காம சாமி பேருக்குப் பண்ணுற பொண்ணு இந்தக் காலத்துல எங்கே கெடைக்கும்? எனக்கு அங்கேயே மனசு நெறைஞ்சுபோச்சு. தை மாசமே வச்சுக்கலாம்."

நான் முன் சீட்டுப் பக்கம் குனிந்தேன். "அம்மா, அது பக்தி இல்லைங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

"இங்க சிக்னல் சரியில்லம்மா, வீட்டுக்குப் போய்ப் பேசறேன்" என்று அண்ணன் போனைத் துண்டித்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "வேற என்ன வழி இருக்கு? நீயே சொல்லு."

சீமாட்டிக்குக் கோட்டை இருந்தது. அடுத்த சனிக்கிழமை காலையில், முகூர்த்தப் புடவை எடுக்கப் போகலாம் வா என்று அண்ணி கூப்பிட்டாள். காரில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.