சாவி பிளாப்பி

2005 ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கினேன். கொடுக்கும் முன் என் கோப்புகளை சிடியில் பதிந்துகொண்டேன். முக்கியமானது ஒன்றுதான். வாய்க்காலில் தண்ணீர் விட்டது, மழை தவறியது, நாற்று நட்டது என்று 1997 முதல் எங்கள் பள்ளத்தாக்கைப் பற்றித் தேதி போட்டு எழுதிவந்த குறிப்புகள். அனுமந்தன்பட்டி விவசாயிகள் சிலர் அதைச் சிறு புத்தகமாக்கிப் பொங்கலன்று வெளியிட இருந்தார்கள். அச்சகத்தில் பேசியாகிவிட்டது.

குறிப்புகளை அடித்தது ஒரு பழைய தமிழ் மென்பொருளில். பூஜை முடிந்து அதை ஏற்றினால், இந்த விண்டோஸில் ஓடாது என்று திரையில் ஒரு கட்டம் வந்தது. பழனிசெட்டிபட்டியிலிருந்து மெக்கானிக் வந்தார். ஏதோ அமைப்பை மாற்றி, இது பழைய விண்டோஸ்தான் என்று மென்பொருளை நம்பவைத்தார். ஓடியது. உடனே சாவி பிளாப்பியைக் கேட்டது. திருட்டு நகலைத் தடுக்க அப்படி ஓர் ஏற்பாடு. ஒவ்வொரு முறையும் மூல பிளாப்பியைப் போட்டால்தான் திறக்கும். புதிய கம்ப்யூட்டரிலோ பிளாப்பி டிரைவே இல்லை. மெக்கானிக் தேனிக்குப் போய்ப் பழைய டிரைவ் ஒன்றைத் தேடி வாங்கிவந்து மாட்டினார். பிளாப்பியைப் போட்டோம். கரகரவென்று அரைத்துவிட்டு, படிக்க முடியவில்லை என்றது.

அவர் அதை வெளியே எடுத்துத் தகர மூடியை நகர்த்தினார். உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது.

"என்ன சார் இது, சந்தனமா?"

காப்பி கொண்டுவந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஆயுத பூசைக்கு நாந்தான் வச்சேன். இதுதான் சாவின்னு இவுகதானே சொன்னாக. பீரோச் சாவிக்கு வச்சாப்ல இதுக்கும் வச்சேன்."

"பொட்டுன்னா நெத்தியில வைக்கணும்க்கா. நீங்க கண்ணுக்குள்ள அப்பிட்டீக."

"எது நெத்தி, எது கண்ணுன்னு அதுல எழுதியா ஒட்டிருக்கு?"

மெக்கானிக் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மென்பொருளை விற்ற கம்பெனியின் எண்ணுக்குப் போன் செய்தேன். கம்பெனியை மூடிவிட்டார்களாம், அந்த எண் இப்போது யாரோ ஒருவர் வீட்டில் இருந்தது. எடுத்தவர், இதே கேள்வியோடு பலர் கூப்பிடுவதாகச் சலித்துக்கொண்டார்.

கடைசியில் மெக்கானிக் கோப்பை நோட்பேடில் திறந்தார். தமிழ் எழுத்துரு அந்த மென்பொருளுக்குள்ளேயே பூட்டிக் கிடந்ததால், எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குழம்பியிருந்தது. எண்கள் மட்டும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு தேதியையும் படிக்க முடிந்தது. அன்று என்ன நடந்தது என்பதைத்தான் முடியவில்லை.

புத்தகத்துக்குப் பொறுப்பேற்ற விவசாயியிடம் போனில் சொன்னேன்.

"தேதிதான் தெரியுதுங்கிறீகளே. ஞாபகத்துல இருந்து எழுதிருங்க சார்."

ஞாபகத்தில் நிற்காது என்றுதானே எழுதிவைத்தேன். ஆனாலும் முயன்றேன். 2001 நவம்பரில் ஒரு தேதிக்குக் கீழே நீளமாக எழுதியிருந்தேன். வெள்ளமா, வாய்க்கால் தகராறா? மனைவியைக் கேட்டேன்.

"அந்த மாசம் எங்க அண்ணன் வந்திருந்தாக. வேறென்ன?"

மைத்துனர் வந்ததற்கு அவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஊகத்தைத் தேதியோடு சேர்த்து அச்சில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. பொங்கலுக்கு வேண்டாம் என்று அச்சகத்துக்குச் சொன்னேன். பிறகு எப்போது தருவீர்கள் என்று கேட்டார்கள். என்னிடம் பழைய தேதிகள் மட்டும்தான் இருக்கின்றன என்று சொல்லிப் போனை வைத்தேன்.