முதல் முறுக்கு யாருக்கு

சென்ற ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற அனைத்துலக ஹலால் தொழில் கண்காட்சியில், பேராக் மாநிலத்துச் சிறுதொழில் செய்வோருக்கென ஒதுக்கப்பட்ட வரிசையின் கடைசிக் கடையில், என் அக்காவுக்குத் துணையாக நின்றுகொண்டிருந்தேன். நான் மேடைப் பேச்சாளர். பள்ளிக் காலம் தொட்டுச் சொற்போர் மேடைகளில் வளர்ந்தவள். பல்கலைக்கழக அணிக்குத் தலைமை தாங்கியவள். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், அதில் எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும், அந்தப் பக்கத்தை என்னால் வெல்லவைக்க முடியும். இதைத் தற்பெருமை என்று சிலர் சொல்வார்கள். பயிற்சி என்று நான் சொல்வேன். அந்தப் பயிற்சி முழுவதும் கைவசம் இருந்தும் ஒரு சொல்கூட உதவாமல் போன ஒரு பிற்பகலைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

என் அக்காவின் தொழில் அச்சுமுறுக்கு. அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் முட்டையையும் சீனியையும் கலந்து, பித்தளை அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் காயவைத்து, மாவில் தோய்த்து, மீண்டும் எண்ணெயில் இறக்கினால், பூ விரிவதுபோல் அச்சிலிருந்து முறுக்கு கழன்று மிதக்கும். தீபாவளிக்கு நாம் சுடுகிற இதையே மலாய்க்காரர்கள் 'குவே ரோஸ்' என்று நோன்புப் பெருநாளுக்குப் புட்டி புட்டியாக வாங்குவார்கள். சீனப் புத்தாண்டுக்கும் கேட்டு வருவார்கள். ஈப்போவில் சிலிபின் வட்டாரத்துக் கடைவரிசை ஒன்றில் வாடகைக்கு இடம் எடுத்து, சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டாரில் வரும் இரண்டு பெண்களை உதவிக்கு வைத்துக்கொண்டு, அக்கா அந்தப் பட்டறையை நடத்தி வந்தார்.

அதை விளையாட்டாகத் தொடங்கியவர் அல்லர் அவர். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மாமா, அக்காவின் கணவர், பக்கவாதத்தில் விழுந்த பிறகு, குனோங் ராபாட்டில் இருக்கும் அவர்கள் வீட்டில் உலை கொதிப்பதே இந்த எண்ணெய்ச் சட்டியை நம்பித்தான். ஆனால் பெருநாள்கள் ஓய்ந்த மாதங்களில் வியாபாரம் படுத்துவிடும். இயந்திரத்தில் செய்த முறுக்கு பேரங்காடிகளுக்கு வந்ததிலிருந்து அதுவும் மோசமானது. கட்டட உரிமையாளரோ, புதிய ஒப்பந்தம் போடுவதானால் போடுங்கள், இல்லையென்றால் தீபாவளியோடு காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆண்டு முழுவதும் சரக்கு எடுக்கிற ஒரு வெளிநாட்டு வியாபாரி கிடைத்தால் பட்டறை பிழைக்கும். கிடைக்காவிட்டால் இல்லை. நாங்கள் கண்காட்சிக்குப் போனது அந்த ஒருவரைத் தேடித்தான்.

ஹலால் சான்றிதழ் எங்களிடம் முறையாக இருந்தது. அதற்காக அக்கா பட்ட பாடு கொஞ்சமன்று. முட்டை எங்கிருந்து வருகிறது, எண்ணெய் தடவும் தூரிகையின் மயிர் எந்த விலங்கினுடையது என்பது வரைக்கும் அதிகாரிகள் கேட்டார்கள். அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த சாமி படம் பட்டறைக்குள் இருக்கக்கூடாது என்றார்கள். அக்கா முகம் சுளிக்கவில்லை. தாமே நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றி, துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"சாமி வீடு மாறிருச்சு லா. அங்க வாடகை இல்ல" என்று உதவிக்கு வரும் பெண்களிடம் சிரித்தார்.

கண்காட்சி மண்டபம் விமான நிலையம்போல் இருந்தது. பெரிய நிறுவனங்களின் கடைகளில் திரைகளும் விளக்குகளும் நீரூற்றுகளும்கூட இருந்தன. எங்கள் கடையில் ஒரு மேசை, ஒரு விரிப்பு, கண்ணாடிப் புட்டிகளில் முறுக்கு. ஆங்கிலத்திலும் மலாயிலும் நான் சிறிய உரைகளைத் தயாரித்து வைத்திருந்தேன். குரலை எங்கே ஏற்றுவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், ஆட்கள் நின்று கேட்கவும் செய்தார்கள். ஒரு குழுவினர் கைதட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டும் போனார்கள். எவரும் சரக்கு வேண்டும் என்று கேட்கவில்லை.

"தங்கச்சி, நீ பேசுறத கேட்டுட்டு முறுக்க மறந்துட்டுப் போறாங்க" என்றார் அக்கா. "உன் வாய கொஞ்சம் மூடு. அவங்க வாய் தொறக்கட்டும்."

"நான் பேசலன்னா இந்தக் கடைசிக் கடைக்கு யாருக்கா வருவா?"

"ஆமா லா, பெரிய பேச்சாளர் அம்மா. மைக்கு ஒண்ணுதான் கொறைச்சல்."

பிற்பகலில் ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, நரைத்த தாடி. நான் ஆங்கிலத்தில் தொடங்கும் முன்பே ஒரு முறுக்கை எடுத்துக் கடித்து, கண்களை மூடிக்கொண்டார். பிறகு தமிழில் பேசினார்.

"எங்க உம்மா கைப்பக்குவம்மா இது. பெருநாளைக்கு எங்க வீட்ல இதத்தான் சுடுவாக."

தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து இளம் வயதிலேயே வளைகுடா நாட்டுக்குப் போய், இன்று அங்கே பல கடைகளுக்கு உரிமையாளராக இருப்பவர். காலையிலிருந்து பிறமொழிகளில் தொண்டை வறண்டிருந்த எனக்கு, அவர் வாயிலிருந்து தமிழ் வந்ததும் பாதி வெற்றி கிடைத்துவிட்டதாகவே தோன்றியது. அக்காவின் முகமும் மலர்ந்தது. இனி நான் இடையில் நின்று மொழிபெயர்க்கத் தேவையில்லை.

அவர் சான்றிதழைப் பார்த்தார். எத்தனை நாள் கெடாமல் இருக்கும், மாதாமாதம் அனுப்ப முடியுமா, புட்டிக்குப் பதில் தகர டின்னில் அடைக்க முடியுமா என்றெல்லாம் கேட்டார். அக்கா ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். மேசைக்குக் கீழே அக்காவின் கை என் விரல்களை இறுகப் பற்றியிருந்தது. அந்தப் பெரியவர் கைப்பேசியில் தம் மேலாளரை அழைத்து, ஒப்பந்தத் தாள்களுடன் இங்கே வரும்படி சொன்னார். "நல்ல சரக்கு கெடச்சிருச்சு, சீக்கிரம் வா" என்று அவர் சொன்னதை நாங்கள் இருவரும் கேட்டோம்.

மேலாளர் மண்டபத்தின் மறுகோடியிலிருந்து வரவேண்டியிருந்தது. அந்தச் சிறு காத்திருப்பில், அவர் இன்னொரு முறுக்கை எடுத்துப் பாதி கடித்தபடி, பழைய நினைவில் பேசத் தொடங்கினார்.

"மொத முறுக்கு அச்சுல ஒட்டிக்கிட்டு ஒடஞ்சுதான் வரும். என்ன செஞ்சாலும் வரும். அதுக்குத்தான் நாங்க அடுப்படியில அடிச்சுக்கிட்டு நிப்போம். ஒங்க வீட்ல எப்படி? ஒடஞ்சது யாருக்கு?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "ஒடஞ்சதெல்லாம் இவளுக்குத்தான் அண்ணே. தின்னே வளந்தவ. அதுக்கப்பறம் முழுசா ஒண்ணு வரும்ல, அந்த மொத முழுசு சாமிக்கு. அத வச்சுட்டுத்தான் மத்தத போடுவேன்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"இன்னுமா? யாவாரத்துக்குச் சுடறப்பவுமா?"

"தெனமும் அண்ணே" என்றார் அக்கா, பெருமையோடு. பிறகு ஏதோ தவறிவிட்டதை உணர்ந்து அவசரமாகச் சேர்த்தார்: "பட்டறைக்குள்ள இல்லண்ணே. உள்ள படம்கூட இல்ல. பின்னால சந்துல மரத்தடியில அம்மன் ஒண்ணு இருக்கு, அங்க கொண்டுபோய் எலையில வச்சுட்டு வந்துருவேன்."

"அதே சட்டி, அதே மாவுதானம்மா?"

"ஆமாண்ணே."

வேற்று நாட்டவர் யாராவது இதைக் கேட்டிருந்தால், வழக்கம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். இவர் தமிழர். சாமிக்கு வைப்பது என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை; வேறு சாமிக்குப் படைத்ததை அவர் மார்க்கம் விலக்குகிறது என்பதையும் எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்களை அவரோடு நெருக்கிய அதே மொழி, கண்முன்னே அவரைத் தள்ளி நிறுத்தியது.

நான் பேசத் தொடங்கினேன். என் வாழ்நாளிலேயே அவ்வளவு நேர்த்தியாக நான் வாதாடியதில்லை. படைக்கப்படுவது இலையில் வைக்கப்படும் அந்த ஒரு முறுக்கு மட்டுமே என்றேன். சட்டியில் இருப்பது எவருக்கும் படைக்கப்பட்டதன்று என்றேன். அந்த முறுக்கு வெளியே போகும். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வருவதில்லை. சான்றிதழ் வழங்கியவர்கள் கேட்ட ஒவ்வொரு நிபந்தனையையும் அக்கா நிறைவேற்றியிருக்கிறார். பெரியவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"நீ சொல்றது சரிதாம்மா" என்றார் கடைசியில். "ஒங்கிட்ட வாதம் பண்ண என்னால ஆகாது. மார்க்கம் படிச்சவங்ககிட்ட கேட்டா அவங்களும் நீ சொன்னதையே சொல்லலாம். ஆனா நாளைக்கு என் கடையில ஒரு வயசான அம்மா, இது எப்படி சுட்டதுன்னு என்கிட்ட கேட்டா? தெரியாம இருந்திருந்தா தெரியாதும்பேன். இப்ப தெரிஞ்சுக்கிட்டேனே."

அவர் பொய் சொல்ல வேண்டும் என்று நான் கோரினால் ஒழிய, அந்தக் கேள்விக்கு மறுமொழி கிடையாது.

அப்போது அக்கா ஒன்று சொன்னார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"நான் நிறுத்திடறேண்ணே. இனிமே வைக்கல."

அவர் பதறிப்போனார். "வேணாம்மா, வேணாம்! எனக்காக ஒங்க சாமிய நிறுத்தாதீங்க. அப்படி வாங்குன சரக்கு எனக்குச் செரிக்காது." பாதி கடித்த முறுக்கு இன்னும் அவர் கையில் இருந்தது. அதை எறியவும் மனமில்லாமல், தின்னவும் முடியாமல் சற்று நேரம் நின்றார். பிறகு ஒரு மெல்லிய காகிதத்தை மேசையில் விரித்து, அதன்மேல் அந்தப் பாதியை மிக மெதுவாக வைத்தார். நெஞ்சில் கை வைத்து, அக்காவைப் பார்த்து, "மன்னிச்சுக்கிருங்க தங்கச்சி" என்றார். தாள்களோடு விரைந்து வந்த மேலாளரை வழியிலேயே தோளைப் பிடித்துத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார்.

அவர் எங்களை இழிவாக ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபப்படுவதற்கு எனக்கு ஓர் எதிரணி கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகும் கடைக்கு ஆட்கள் வந்தார்கள். அக்கா எடுத்துக் கொடுத்தார், அவர்கள் தின்றார்கள், போனார்கள். நான் எந்த உரையும் ஆற்றவில்லை. கண்காட்சி முடிந்து, விற்காத புட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வடக்கே திரும்பினோம்.

பட்டறை மறுபடி திறந்த காலையில் நானும் போயிருந்தேன். சட்டி காய்ந்தது. முதல் முறுக்கு வழக்கம்போல் ஒட்டிக்கொண்டு உடைந்தது. அக்கா வழக்கம்போல் அதை என் பக்கம் தள்ளினார். அடுத்தது முழுசாகக் கழன்று, எண்ணெயில் சுழன்று, பொன்னிறமானது. உதவிக்கு வரும் பெண்களில் ஒருவர் வாழையிலைத் துண்டோடு கையை நீட்டினார். அக்கா முறுக்கைக் கம்பியில் எடுத்து எண்ணெயை வடியவிட்டு, ஒரு கணம் பார்த்துவிட்டு, தட்டில் போட்டார். அதன்மேல் அடுத்ததைப் போட்டார்.

"அக்கா, அதுதான் அவரே வேணாம்னு சொல்லிட்டாரே" என்றேன்.

"அவரு வேணாம்னாரு. நான் நிறுத்தறேன்னு சொல்லிட்டேன்ல."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதானக்கா. பதட்டத்துல சொன்னது. சாமிக்குத் தெரியாதா?"

அக்கா அச்சை மாவில் தோய்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஒனக்குப் பேச்சு லா. இந்தப் பக்கமும் பேசுவ, அந்தப் பக்கமும் பேசுவ, கப்பு வாங்கிட்டு வந்துருவ. எனக்கு இருக்கிறது ஒரு வாய்தாண்டி. கேட்டாரா அவரு? கேக்காமலேயே நானா சாமிய எடுத்து வித்தேன். அதையும் வாங்க ஆளில்ல. இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போய் நிக்கிறது?"

இலைத்துண்டை வைத்திருந்த பெண் அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்து முந்தானையில் செருகிக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். பதற்றத்தில் கொடுத்த வாக்கு வாக்காகாது என்று நிறுவுவதற்கு என்னிடம் சான்றுகள் இருந்தன. ஏற்காத பேரம் பேரமே அன்று என்பதற்கும் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அந்த எண்ணெய்ச் சட்டியைத் தாண்டி அக்காவிடம் போய்ச் சேராது என்பது தெரிந்தது. உடைந்த முறுக்கு என் கையிலேயே ஆறிப்போனது.

தீபாவளி முடிந்ததும் பட்டறையை மூடினோம். அடுப்பையும் சட்டிகளையும் யாரோ வந்து எடுத்துப் போனார்கள். பித்தளை அச்சை மட்டும் அக்கா கொடுக்கவில்லை. ஆனால் அதைக் கொண்டு வீட்டில் எதுவும் சுடுவதுமில்லை. இப்போது ஒரு தொழிற்சாலையில், யாரோ செய்த பொருளை யாருக்கோ பெட்டியில் அடுக்குகிற வேலைக்குப் போகிறார். மாமா சன்னலோரத்தில் கிடந்தபடி, தொழிற்சாலைப் பேருந்து அக்காவை ஏற்றிக்கொண்டு போவதையும் கொண்டுவந்து விடுவதையும் பார்க்கிறார். சிலிபின் பக்கம் போகும்போது அந்தச் சந்தின் வழியாக நான் வண்டியைத் திருப்புவது உண்டு. மரத்தடியில் அம்மன் இருக்கிறது. வேறு யாரோ விளக்கு வைக்கிறார்கள். நான் இறங்குவதில்லை.

இன்றும் நான் மேடை ஏறுகிறேன். போட்டி தொடங்கும் முன் நாணயத்தைச் சுண்டி எந்த அணிக்கு எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பார்கள். எது விழுந்தாலும் என்னால் வெல்ல முடியும், வெல்கிறேன். ஆனால் இரண்டு பக்கமும் சரியாகவே இருந்த அந்தப் பிற்பகலில், தோற்றது மட்டும் ஏன் என் அக்கா ஒருவராகவே இருந்தார் என்ற கேள்விக்கு, இத்தனை சொற்களைக் கற்று வைத்திருக்கும் என்னிடம் இன்றுவரை ஒரு பதிலும் இல்லை.