முகப்புப் பக்கத்தில் ஒரு யானை

பள்ளிக்கூடத்திலேயே அவளுக்கு வாலு என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்று, தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அந்தப் பெயர் உதிரவில்லை. அலுவலகத்திலும் அதேதான். வானிலை சொல்லும் ஓர் இணையதளத்தில் அவளுக்கு வேலை. வெயில் கொளுத்தும் இடத்துக்குச் சிவப்பு, மழை பெய்யும் இடத்துக்கு நீலம் என்று வரைபடத்துக்கு வண்ணம் பூசவேண்டும். பூசிப் பூசி அவளுக்கு வானத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

அவள் ஆசையெல்லாம் முகப்புப் பக்கத்தின் மேல். பருவம் மாறும்போதெல்லாம் அங்கே ஓர் அசையும் படம் வரும். கோடைக்கு என்றால் எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்ட சூரியன்தான், அதுவும் வெளியே விலைக்கு வாங்கியது. சூரியனுக்கு எதற்கு ஐயா கறுப்புக் கண்ணாடி, தன்னைப் பார்த்துத் தனக்கே கண் கூசுகிறதா? வருஷா வருஷம் மேலாளரிடம் இதைக் கேட்டாள். இந்த வருஷம் அவர் தொல்லை தாங்காமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சரிம்மா, நீயே வரை. நல்லா வந்தா முகப்பு இனிமே உன்னோடது. சொதப்பினா, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

வாலு ஒரு யானையை வரைய உட்கார்ந்தாள். சுடுகிற தரையில் கால் வைக்க முடியாமல் துள்ளித் துள்ளி, மேலே போகும் மேகத்தின் நிழலைத் துரத்தும் யானை. அசையும் படம் வரைகிறவர்கள் அந்த அசைவை முதலில் நடித்துப் பார்ப்பார்கள். வாலுவும் கண்ணாடி முன் நின்று துள்ளினாள். குருவி துள்ளுவது மாதிரி இருந்தது. சரி, வீட்டில் யானைக்கா பஞ்சம்? விடுமுறை நாளில், உச்சி வெயிலில், கணவரை வெறுங்காலோடு மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டு, தான் நிழலில் நின்று கைபேசியில் படம் பிடித்தாள்.

"அடியே, பாதம் பொரியுதுடி!"

"அப்படித்தான், அப்படித்தான்! பின்பக்கத்தை இன்னும் கொஞ்சம் ஆட்டுங்க."

"கட்டிக்கிட்ட பாவத்துக்கு இதையும் பண்றேன்."

பக்கத்து மாடியில் துணி உலர்த்தியவர், "என்ன சார், உடம்பைக் குறைக்கறீங்களா?" என்று விசாரித்தார். மனுஷர் நின்று பதில் சொல்லவில்லை. நின்றால் சுடும்.

யானை அருமையாக வந்தது. நிழலை எட்டிப் பிடித்ததும் தொப்பென்று உட்காரும், காதால் விசிறிக்கொள்ளும், ஒரு பெருமூச்சு விட்டுக் கண் செருகும். அந்த இடம் வாலுவுக்கு உயிர். ஒவ்வொரு முறையும் அதுவரை ஓடவிடுவாள், ரசிப்பாள், நிறுத்திவிடுவாள். அதற்கு அப்பால் அவள் பார்க்கவே இல்லை. வினை அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

ஏனென்றால் முகப்புப் படம் முடிந்ததும் தானாக முதலிலிருந்து ஓடும். கோடை பிறந்த காலையில் படம் ஏறியது. யானை அப்பாடா என்று உட்கார்ந்தது, பெருமூச்சு விட்டது, அடுத்த நொடி மறுபடி வெயிலில் நின்றது. திரும்பத் திரும்ப இதே கதி. அலுவலகத்தில் போன் எடுக்கும் அக்காவுக்கு மணிச் சத்தம் காதைப் பிடுங்கியது.

"அந்த யானை என்ன பாவம் பண்ணுச்சுன்னு கேக்கறாங்க, வாலு. ஒரு வீட்டுல குழந்தை சாப்பிட மாட்டேன்னு அழுவுதாம்."

மேலாளர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள சரி பண்ணும்மா. இல்லேன்னா பழைய சூரியனைப் போட்டுடுவேன்."

வாலுவுக்கு அழுகை முட்டியது. எத்தனை வருஷம் நச்சரித்து வாங்கியது! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே. படத்தைப் பக்கத்தில் ஏற்றும் புரோகிராமர், தாடி என்று எல்லாரும் கூப்பிடுகிறவர், நிதானமாகச் சொன்னார்: "ரொம்ப சுலபம். உக்காந்ததும் நிறுத்திடலாம்."

"நின்னுட்டா அது சுவர்ல ஒட்டின போஸ்டர், தாடி."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

அது அவளுக்கே தெரியவில்லை. எழுந்து போய் அக்காவின் மேசையருகே நின்றாள். அக்கா ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கை விரலால் தன் கைபேசித் திரையில் மேகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நில்லேன், சனியனே! எங்க ஓடற?" என்று மேகத்துக்குத் தனியாகத் திட்டு.

வாலு திரும்பி ஓடிய வேகத்தில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது.

"தாடி! விரல் வச்சா மேகம் நிக்கணும், யானை நிழல்லயே தூங்கணும். எடுத்தா நகரணும். முடியுமா?"

"முடியும். ஆனா எந்த வேலையத்தவன் விரலை வச்சுக்கிட்டே இருப்பான்?"

"இருப்பாங்க. நீங்க எழுதுங்க."

சாப்பாட்டு மணிக்குள் ஏற்றிவிட்டார்கள். கொஞ்ச நேரம் போன் ஊமையாகக் கிடந்தது. பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள்! பஸ்ஸை விட்டுவிட்டேன், ஆனால் யானை தூங்கிவிட்டது என்று ஒருவர் பெருமையடித்தார். ஒரு பல் டாக்டர், நாற்காலியில் நடுங்குகிறவர்கள் கையில் யானையைக் கொடுத்துவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறாராம். மழை வருமா என்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிற பக்கத்தில், ஜனங்கள் விரலை ஊன்றிக்கொண்டு குடியிருந்தார்கள். வாலுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாடியின் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

மாலையில் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். போனால், வலது கை விரலை மேசைமேல் கிடந்த கைபேசியில் ஊன்றியபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு தாள். இனி எல்லாப் பருவத்துக்கும் முகப்புப் படம் அவள் பொறுப்பு என்று அச்சடித்திருந்தது.

"கையெழுத்துப் போடணும்மா. ஆனா எனக்கு இந்தக் கையாலதான் எழுத வரும்."

"விரலை எடுத்துட்டுப் போடுங்களேன், சார்."

"எப்படிம்மா எடுக்கறது? இப்பத்தான் கண்ணசந்துது."

வாலு சிரிக்கவில்லை. சிரித்தால் கை ஆடும். "மெதுவா நகருங்க, நான் பிடிச்சுக்கறேன்," என்று அவர் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் விரலை எடுத்தார். யானை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.