நான் முகம் பார்க்காத மருத்துவர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

திருச்சி தெப்பக்குளத்தருகே ஆண்களுக்கு உடை தைத்துப் பிழைத்தவன் நான். பள்ளியில் அதிகம் படித்தவனல்லேன். இந்த எழுத்து நடை கடையில் ஓய்ந்த வேளைகளில் நானே வாசித்துப் பழகியது. குறையிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

நெஞ்சு வலிக்காகச் சென்ற ஆண்டு எனக்கு ஆஞ்சியோ செய்தார்கள். வலத் தொடையிடுக்கின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி இதயத்தைப் பார்த்துவிட்டு, மாத்திரையே போதுமென்று அனுப்பினார்கள். ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத் திரும்பிய சில நாட்களில், குழாய் செலுத்திய இடத்தில் எலுமிச்சையளவு வீக்கம் கண்டது. அதே காலில் செருப்புக் கடித்த புண்ணும் இருந்தது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது எங்கள் வீடுகளில் எல்லோரும் அறிந்ததே. ஆகவே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து, அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு, நானே பற்றுப் போட்டேன்.

மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் இருந்தவள் மருமகள்தான்.

"என்ன மாமா, காலை இழுத்து இழுத்து நடக்கிறீங்க? குழாய் விட்ட எடத்துல வீங்கியிருக்கா?"

"செருப்புக் கடிம்மா" என்றேன். அந்த இடத்தை மருமகளிடம் எந்தச் சொல்லால் குறிப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு காலைப்பொழுதில் கட்டிலைவிட்டு எழவே முடியவில்லை. அவள் ஆட்டோ பிடித்து, காவிரிப் பாலத்தைத் தாண்டி மருத்துவமனையில் சேர்த்தாள். ஸ்கேன் அறையில் கேட்டது ஓர் இளம்பெண்ணின் குரல். நான் உடனே கண்களைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஆண் டாக்டர் யாரும் இல்லீங்களா?"

"இருக்காரு ஐயா, சாயங்காலம் வருவாரு. உங்க வீக்கம் அதுவரைக்கும் சும்மா இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

வேட்டி விலகியபோது கண்களை மூடிக்கொண்டேன்.

"ஐயோ, இது என்ன இவ்வளவு செவப்பா? ரத்தம்னு பயந்துட்டேன்!"

"பற்றும்மா. நெறின்னு நெனச்சுட்டேன்."

"யாரையாவது நீவிவிடச் சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"அந்த மட்டும் பொழச்சீங்க."

காய்ந்துபோன பற்றை ஈரப் பஞ்சால் அவர் துடைத்தெடுக்க நெடுநேரமாயிற்று. பிறகு குளிர்ந்த பசையும் கருவியும் பட்டன. இயந்திரத்திலிருந்து 'உஷ் உஷ்' என்று நாடியோடு சேர்ந்து ஓர் ஓசை எழுந்தது.

"இது நெறி இல்லீங்க. குழாய் விட்ட துளை மூடல. அது வழியா ரத்தம் வெளிய வந்து பை மாதிரி நிக்குது. வெடிச்சா உயிருக்கே ஆபத்து. இந்தக் கருவியால அழுத்தியே அடைச்சுப் பாக்கறேன். கேக்கலைன்னா ஆபரேஷன் வரைக்கும் போகலாம். வலிக்கும், பொறுத்துக்கங்க."

தம் உடற்பாரம் முழுவதையும் கைகளில் இறக்கி அழுத்தினார். ஓசை நின்றது. வலி இடுப்பைப் பிளந்தது. ஆயினும் வலியைவிட வெட்கமே என்னை அதிகம் வாட்டியது. அளவு நாடாவும் கையுமாக எத்தனை பேரிடம், "கூச்சப்படாம நேரா நில்லுங்க சார்" என்று சொல்லியிருக்கிறேன்!

அவருக்கு மூச்சு வாங்கியது. என் வயிற்றின்மேல் ஒரு வியர்வைத் துளி விழுந்தது.

"டாக்டர், உங்க மணிக்கட்டு தாங்கலையே. நான் அழுத்தட்டுமா?" மருமகளின் குரல்.

"வேணாங்க. கொஞ்சம் நகர்ந்தாலும் தொறந்துக்கும். நீங்க மாமா முழங்காலை மட்டும் மடக்க விடாம புடிச்சுக்கங்க."

மருமகளும் அங்கேதான் நிற்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. கண்களை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

கருவியைத் தளர்த்தியதும் அந்த ஓசை திரும்ப வந்தது. மறுபடி அழுத்தினார். இம்முறை தளர்த்தியபோது அறை அமைதியாயிருந்தது.

"மூடிக்கிச்சு! ஐயா, இப்பவாவது கண்ணைத் தொறங்க."

நான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. மறுநாள் சோதித்துப் பார்த்தவர் ஆண் மருத்துவர். துளை மூடியே இருந்தது.

சில வாரங்கள் கழித்து, ஸ்ரீரங்கம் பேருந்து நிறுத்தத்தில் ஓர் இளம்பெண் என்னருகே வந்தார்.

"ஐயா, நல்லா நடக்கிறீங்களே! கால் எப்படி இருக்கு?"

குரல் எங்கோ கேட்டதுபோலிருந்தது. முகம் நினைவுக்கு வரவில்லை.

"மன்னிக்கணும்மா, யாருன்னு தெரியலை. வீட்டுக்காரருக்கு ஏதும் தைக்கக் கொடுத்திருந்தீங்களா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுதாக மலரவில்லை. தம் வலது மணிக்கட்டை மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"பரவாயில்ல ஐயா. மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்று சொல்லி, வந்து நின்ற பேருந்தில் ஏறினார். அந்த மணிக்கட்டைக் கண்ட பிறகே அவர் யாரென்று எனக்கு விளங்கியது. நான் வாய் திறப்பதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது.

ஸ்கேன் அறையில் பட்ட வெட்கம் எப்போதோ ஆறிவிட்டது. நிறுத்தத்தில் பட்டது இன்றும் ஆறவில்லை. அன்று அவர் முகத்தை நான் ஒருமுறை பார்த்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

குழாய் செலுத்திய இடம் வீங்கியும் வாய் திறவாத ஆண் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். ஆதலால் இக்குறிப்பை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.