அம்சவேணியின் தகரப்பெட்டிக் காதல் கதைகள்

சித்தூர் ரெவின்யூ ஆபீஸ் பியூன் ஏகாம்பரத்தின் சம்சாரம் அம்சவேணிக்கு இருந்தது ஒரே ஒரு ஆசைதான். திருத்தணியில் தனியாக இருக்கும் அம்மா பக்கத்தில் போய்ச் சேர வேண்டும். அம்மா ரத்தினம்மாவுக்கு இரண்டு கண்ணும் மங்கிப்போய்விட்டன. அடுப்பு எரிகிறதா அணைந்ததா என்றுகூடக் கையை நீட்டிச் சூடு பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். சித்தூருக்கு வந்துவிடு என்றால் வர மாட்டாள். மருமகன் வீட்டுச் சோறு வேண்டாமாம். அப்படி ஒரு வீம்பு.

அந்தச் சமயத்தில்தான் எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது. சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது, திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. வேண்டியவர்கள் அங்கே மாற்றல் கேட்கலாம் என்று ஆபீசில் பேச்சு வந்தது. ஆனால் தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், மனுவையும் அவரவர் கையாலேயே தமிழில் எழுத வேண்டும் என்று அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். ஏகாம்பரம் வாயைத் திறந்தால் தமிழ்தான். ஆனால் கார்வேட்டிநகரத்தில் அவன் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது.

திருத்தணியில் தமிழ் படித்தவளாயிற்றே, "நான் சொல்லித் தர்றேன் மாமா" என்று அம்சவேணி ஓர் அரிச்சுவடி வாங்கி வந்தாள். அவன் அதைத் தொடவே இல்லை.

"இம்மாம் பெரிய மீசைய வச்சிக்கினு அணில் ஆடுன்னு படிக்கச் சொல்றியா? பக்கத்து வூட்டுக்காரன் சிரிப்பான்மே. வேற எதனா இருந்தா குடு."

வீட்டில் வேறு தமிழ்ப் புத்தகம் ஏது? பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தகரப்பெட்டியின் அடியில், பழைய புடவைகளுக்குக் கீழே, பதினைந்து வயதில் அவள் பைத்தியமாய்ப் படித்த காதல் நாவல்கள்தான் கிடந்தன. மேலே இருந்தது 'சந்திரபிம்பா அல்லது பூட்டிய அறையின் மர்மம்'. அட்டையில் ஒருத்தி முட்டைக் கண்ணோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் ஆபீசுக்குப் போனதும் முதலில் அவளே படித்துப் பார்த்தாள். ஐயையோ! இதற்கா அன்றைக்குச் சோறு தண்ணி இல்லாமல் அழுதோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். சந்திரபிம்பா பக்கத்துக்குப் பக்கம் மூர்ச்சை போட்டு விழுகிறாள். அவள் காதலன் ஜெயசந்திரன் நிலா வந்தால் பிடில் வாசிக்கிறான், நிலா போனால் பெருமூச்சு விடுகிறான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் அவன் கப்பலேறும் இடம் வந்ததும், பாழாய்ப்போன கண்ணீர், அன்றைக்கு வந்த அதே வரியில் வந்து தொலைத்தது. அந்தப் புத்தகத்தின் மேல் அவளுக்கு இன்னும் பிரியம் விட்டுப்போகவில்லை, அதுதான் உண்மை.

அதை வைத்தே அவள் ராத்திரியில் சொல்லிக்கொடுக்க, ஏகாம்பரம் மளமளவென்று எழுத்தைப் பிடித்துக்கொண்டான். கதையோடுதான் அவனுக்கு ஓயாத சண்டை. "இவன் எப்போமே வேலைக்குப் போவான்? பிடில் வாசிச்சிக்கினே இருந்தா அரிசி யாரு வாங்கறது?" என்பான். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவியதும் புத்தகத்தைத் தேடுகிறவனும் அவன்தான். மாமரம் காய்ப்பு ஓய்வதற்குள் பெட்டி முழுக்கப் படித்துத் தீர்த்துவிட்டான்.

மனுவை மட்டும் அவளிடம் காட்டவில்லை. "நானே எழுதிக்கிறேன், போமே" என்று வீறாப்பாக எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். சாயங்காலம் திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"இன்னா மாமா ஆச்சி?"

"ஆபீசே சிரிச்சிச்சி."

"அப்பிடி இன்னாத்த எழுதின?"

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "'என் இதய சிம்மாசனத்தில் கொலுவீற்றிருக்கும் அதிகாரி அவர்களே'ன்னு ஆரம்பிச்சேன். 'தங்கள் கடைக்கண் பார்வைக்காக ஏங்கித் தவிக்கும் அபாக்கியவான் ஏகாம்பரம்'னு எழுதினேன். மரியாதையா எழுதுனா அப்பிடித்தானமே எழுதுவாங்க? உன் புஸ்தகத்துல எல்லாம் அப்பிடித்தான இருக்குது?"

அம்சவேணிக்குச் சிரிப்பு பீறிட்டது, அடுத்த நிமிஷமே நெஞ்சு திக்கென்றது. அச்சில் வந்த தமிழ் என்று இந்த மனுஷன் கண்டது அவளுடைய பெட்டியை மட்டும்தான். அந்த அசட்டு நாவல்களால் அம்மாவிடம் போகிற வழியே அடைபட்டுவிட்டதே என்று நினைத்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சி. எல்லாம் என்னாலதான்."

"இருமே, முழுசா கேளு. அதிகாரி கண்ணத் தொடச்சிக்கினு, சிரிச்சிக்கினே படிச்சாரு. கடைசி ரெண்டு வரி வந்ததும் சிரிப்ப நிறுத்திட்டாரு. இன்னொரு தபா படிச்சாரு. கையெழுத்துப் போட்டுட்டாரு. மாத்தல் கெடச்சிடிச்சி. என் மானந்தான் போச்சி."

"அட பாவி மனுஷா, அத மொதல்ல சொல்லக் கூடாதா! அந்த ரெண்டு வரி இன்னா?"

ஏகாம்பரம் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தான். "'என் மனைவி அம்சவேணி தினமும் சாப்பிட உட்கார்ந்தால், அம்மா சாப்பிட்டிருப்பாளோ என்று முதல் கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கவளம் ஆறுவதற்கு முன் அவள் வாய்க்குப் போக வேண்டும்.'"

அந்தக் கவலையை அவள் அவனிடம் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இத்தனை வருஷமாக எதிரே உட்கார்ந்து, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிடுகிறவன் என்றல்லவா அவனை நினைத்திருந்தாள்!

"இது எந்தப் புஸ்தகத்துல இருக்குது மாமா? நான் படிச்சதில்லையே."

"புஸ்தகத்துல இல்லமே. அது நானா எழுதினது" என்றான் ஏகாம்பரம், அதற்கும் சிரிப்பாளோ என்ற பயத்தோடு.